முந்நூற்றுப் பன்னிரண்டு நட்சத்திரங்கள்

சேசு மரி சூசை

சாந்தோம், மயிலாப்பூர்
12 ஜனவரி 1947

அன்புள்ள வில்லியம் அண்ணாவுக்கு ஐவி எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம். குன்னூர்க் குளிரில் நீங்களும் மர்சலின் அண்ணியும் குழந்தை ஐரினும் எப்படி இருக்கிறீர்கள்? கிறிஸ்மஸுக்கு வாழ்த்து அட்டை மட்டும் வந்தது. கூடவே வருகிற நாலு பக்கக் கடிதத்தைக் காணோம். வருஷா வருஷம் அதைப் பண்டிகைப் பலகாரம் மாதிரி இரண்டு நாள் வைத்துக்கொண்டு படிப்பேன். ஹார்ட்லி துரை தன் வானாய்வு நிலையத்தில் உங்களைப் பண்டிகைக்கும் விடவில்லை போலிருக்கிறது.

இந்த வருஷம் ஐந்தாம் பாரப் பெண்களுக்குக் கணக்கோடு பூகோளமும் என் தலையில் விழுந்திருக்கிறது. முதல் பாடமே நட்சத்திரங்களின் தூரம். வெளிச்சம் விநாடிக்கு ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் மைல் போகும், அது ஒரு வருஷத்தில் போகிற தூரம் ஒரு ஒளி வருஷம் என்று கரும்பலகையில் எழுதினேன். முதல் பெஞ்சில் ஒருத்தி எழுந்து, "இன்னா டீச்சர், வருசம்னா காலமாச்சே. அது எப்டி தூரமாவும்?" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கு நம் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

அம்மா மைல் சொல்லி நாம் கேட்டதே இல்லை. நடக்கும்போது ஜெபமாலை எத்தனை தரம் சொல்லி முடிகிறதோ, அதுதான் அவளுக்குத் தூரம். காட்டுக் கோவில் ஒரு ஜெபமாலை தூரம். அடையாறு பாலம் ஒன்றரை. சின்னமலைத் திருவிழாவுக்கு நடந்தால் ஐந்து. பதினைந்து வயதில் நீங்கள் ஜெபமாலையை மைலாக்குகிற வாய்ப்பாடு ஒன்று நோட்டில் எழுதினீர்களே, நினைவிருக்கிறதா? ஒரு ஜெபமாலைக்குப் பதினெட்டு நிமிஷம், ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. எட்டு வயதுக் குட்டியாக நான் பின்னாலேயே ஓடிவந்து, செவ்வாயும் வெள்ளியும் சேசுவின் பாடுகளை நினைக்கிற துக்க தேவ இரகசியம், அன்றைக்கு அம்மா மெதுவாக நடக்கிறாள், உங்கள் வாய்ப்பாடு தப்பு என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை நீங்கள்.

இதையே வகுப்பில் சொன்னேன். வெளிச்சம் மட்டும் எல்லாக் கிழமையும் ஒரே வேகத்தில் நடக்கும், அதனால்தான் அதை நம்பி தூரம் சொல்கிறோம் என்றேன். சூரியன் எட்டு நிமிஷம் இருபது விநாடி தூரம் என்றதும் புரிந்துகொண்டார்கள்.

அடுத்தது பார்செக். 'ஒரு பார்செக் 3.26 ஒளி வருஷத்துக்குச் சமம்' என்று புத்தகத்தில் ஒற்றை வரிதான் இருக்கிறது. அந்த 3.26 எங்கிருந்து வந்தது என்று நீங்கள் சொன்னால்தான் எனக்குத் தைரியம் வரும். பின்கட்டில் நஸ்ருன்னிசா அக்கா குடும்பம் இருப்பதால் எனக்குத் துணைக்குக் குறைவில்லை. கவலை வேண்டாம். அண்ணிக்கும் ஐரினுக்கும் என் முத்தங்கள்.

தங்கை,
ஐவி


குன்னூர்
9 பிப்ரவரி 1947

அன்புத் தங்கை ஐவிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். பதில் தாமதம், மன்னித்துக்கொள்.

ஜனவரியில் பூமி சூரியனுக்கு ஒரு பக்கம், ஜூலையில் மறுபக்கம். இரண்டு இடத்திலிருந்தும் பார்த்தால் கிட்டத்து நட்சத்திரம் தூரத்து நட்சத்திரங்களுக்கு முன்னால் துளி நகர்ந்த மாதிரி தெரியும். அந்த நகர்வில் பாதி, ஒரு பாகையில் மூவாயிரத்து அறுநூறில் ஒரு பங்காக இருந்தால் தூரம் ஒரு பார்செக். அது சூரியன் தூரத்தைப் போல 2,06,265 மடங்கு. ஒளி வருஷம் அதே சூரியன் தூரத்தில் அறுபத்து மூவாயிரத்துச் சொச்சம் மடங்கு. வகுத்துப் பார், 3.26 வரும். நகர்வு குறையக் குறையத் தூரம் கூடும். ஆகவே ஒன்றை அந்தப் பாதி நகர்வால் (பட்டியலில் நகர்வு என்பது இதுதான்) வகுத்தால் பார்செக். அதை 3.26 ஆல் பெருக்கினால் ஒளி வருஷம். அவ்வளவுதான்.

நானும் ஒன்று கேட்க வேண்டும். துரை வருஷக் கடைசியில் இந்தியாவை விட்டே போகிறார். போகுமுன் பள்ளிக்கூடங்களுக்கு இங்கிலீஷும் தமிழுமாக ஒரு நட்சத்திரப் புத்தகம் போட ஆசைப்படுகிறார். முந்நூற்றுப் பன்னிரண்டு நட்சத்திரங்களின் நகர்வுகளை ஆறு வருஷமாகப் பட்டியல் பட்டியலாகத் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றைப் பார்செக்காகவும் ஒளி வருஷமாகவும் மாற்ற வேண்டும். எனக்கு வேறு வேலைகள் அதிகம். முதல் அறுபதை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ செய்து அனுப்புவாயா? புள்ளிக்குப் பின் இரண்டு தானம் சுத்தமாக வேண்டும்.

அண்ணன்,
வில்லியம்


சாந்தோம்
2 மார்ச் 1947

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். உங்கள் எல்லாருடைய நலமும் அறிய ஆவல். அறுபதும் தயார். செய்வாயா என்று ஒரு கேள்வியா? பூசை முடிந்து வந்ததும் பள்ளிக்கூட மணிக்குள் தினம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். காப்பி ஆறிப் போவது கூடத் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு வழியில் செய்து சரிபார்த்திருக்கிறேன்.

சுவாதி 40.75 வருகிறது. இன்றைக்கு நாம் பார்க்கிற சுவாதி வெளிச்சம், நீங்கள் பிறப்பதற்கும் இரண்டு வருஷம் முன்னே புறப்பட்டிருக்கிறது. லஸ் முனையில் டிராமுக்கு நிற்கும்போது இதை நினைத்துக்கொண்டே இரண்டு டிராமை விட்டுவிட்டேன்.

வகுப்பில் உங்கள் நகர்வை விளக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டச் சொல்லி, இடது கண்ணை மூடு, பிறகு வலது கண்ணை மூடு என்றேன். விரல் சன்னல் கம்பியிலிருந்து கதவுக்குத் தாவியது! முப்பத்தாறு பெண்களும் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி விரலைத் தாவ விட்டுக்கொண்டிருந்தபோது தலைமை ஆசிரியை உள்ளே வந்துவிட்டார். நீங்களும் ஒரு தரம் செய்து பாருங்கள் அண்ணா, சிரிப்பு வரும்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. சிரியஸுக்கு 0.871 என்று எழுதியிருக்கிறீர்கள். அதன்படி தூரம் 3.74 ஒளி வருஷம்தான் ஆகிறது. எல்லாவற்றிலும் கிட்டத்து நட்சத்திரத் தொகுதியே உங்கள் பட்டியலின் முதல் வரிப்படி 4.29 ஆகிறதே! பள்ளிக்கூடப் புத்தகத்தைப் பார்த்தேன். 0.371 என்றிருக்கிறது. அப்போது 8.79 வருகிறது, அதுதான் சரி. மூன்றை எட்டாக்கினது யார்? நம் வீட்டில் கணக்குத் தப்பினால் தோப்புக்கரணம் போட வைத்தது நீங்கள். ஆகவே உங்களுக்குப் பத்து.

அன்புடன்,
ஐவி


குன்னூர்
20 ஏப்ரல் 1947

அன்புத் தங்கைக்கு,

சுகம். பாஸ்குப் பண்டிகை நல்லபடி கழிந்தது. 0.371 தான் சரி. குளிரில் கை நடுங்கி எழுதியிருப்பேன். உன் கணக்குகளைத் துரை மிகவும் மெச்சினார். அடுத்த எண்பது இத்துடன். ஐரினுக்கு எழுத்துப் பழக்கமாகட்டும் என்று அவளை விட்டு எழுத வைத்தேன்.

இனி எண்களைக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பு மையில், வரி விட்டு எழுது.

அண்ணன்,
வில்லியம்


சாந்தோம்
4 மே 1947

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பு நலம். வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. நீங்கள் எல்லாரும் நலமா? எண்பதும் முடித்து இன்றே பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நீங்கள் கேட்டபடி பெரிய எழுத்து, கறுப்பு மை. அதனால் உறை கனத்துவிட்டது. தபால்காரர் ஷரீஃப் உங்கள் போன உறையைக் கொண்டுவந்தபோதே கேட்டார்: "இன்னா டீச்சரம்மா, மலையிலருந்து மூட்டை மூட்டையா வருது. உள்ள இன்னா கீது, உருளக்கெயங்கா?" நட்சத்திரம் என்றேன். "அப்ப ஒரு கையெய்த்துப் போட்டு கெட்டியாப் புட்ச்சிக்கோ, கீய விய்ந்துடப் போவுது" என்று சொல்லிச் சைக்கிளில் ஏறினார்.

ஐரின் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஆனால் ஒன்பது வயசுப் பிள்ளைக்கு எண்பது வரி அதிகம் அண்ணா. உங்கள் கையெழுத்தில் எனக்கு மூன்று மாதமாகப் பத்து வரிக்கு மேல் வரவில்லை. என்மேல் கோபமா? தோப்புக்கரணம் என்று எழுதியதை மனதில் வைத்துக்கொண்டீர்களா? அது விளையாட்டுக்கு எழுதினது.

பள்ளிக்கூடம் ஜூன் பாதியில்தான் திறக்கும். நான் அங்கே வந்து ஒரு மாதம் இருக்கட்டுமா? பக்கத்திலேயே உட்கார்ந்து மிச்சத்தையும் முடித்துவிடலாம். வாசலில் கோலமாவால் கணக்குப் போட்டு அம்மாவிடம் அடி வாங்கினோமே, அந்த மாதிரி.

உங்கள்,
ஐவி


குன்னூர்
18 மே 1947

ஐவிக்கு,

சுகம். இப்போது வர வேண்டாம். வீட்டில் இடம் போதாது, மழையும் தொடங்கிவிட்டது. அடுத்த தொண்ணூறு இத்துடன்.

வில்லியம்


சாந்தோம்
6 ஜூலை 1947

அன்புள்ள மர்சலின் அண்ணிக்கு ஐவி எழுதுவது.

நீங்களும் ஐரினும் சுகமா? நான் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். இனி விஷயம்.

அண்ணன் எனக்கு மே மாதம் எழுதியது நான்கு வரி. அந்தத் தொண்ணூறை ஜூன் முதல் வாரமே அனுப்பினேன். கடைசி எண்பத்திரண்டு தபாலில் வந்தது, கூட ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை. எல்லாம் குழந்தை எழுத்து. அதில் ஐந்து இடத்தில் மூன்றுக்கு எட்டும் ஒன்றுக்கு ஏழும் இருந்தன. குழந்தை தப்பாக எழுதவில்லை, தப்பாகச் சொல்லிக் கேட்டு எழுதியிருக்கிறாள். சிரியஸ் விஷயத்தை யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். மூன்றேமுக்கால் ஒளி வருஷத்தில் சிரியஸ் என்று தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் அண்ணன் சிரித்திருப்பார். அவருக்குக் கணக்கு மறக்கவில்லை. அவர் அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை.

அண்ணி, அண்ணனுக்குக் கண்ணில் என்ன?

ஐவி


குன்னூர்
27 ஜூலை 1947

அன்புள்ள ஐவிக்கு மர்சலின் எழுதிக்கொண்டது.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரம் அழுதேன். சொல்லமாட்டேன் என்று மாதா சுரூபத்தின் மேல் என் கையை வைத்து உன் அண்ணன் சத்தியம் வாங்கியிருக்கிறார். நீயாகக் கண்டுபிடித்துக் கேட்டதால் சத்தியம் முறிந்ததாகாது என்று பங்குச் சாமியார் சொன்னார். அதன் பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

போன வருஷம் அக்டோபரில் கதவு நிலையில் இடித்துக்கொண்டார். அப்புறம் படியில் தவறினார். இங்கே டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போகிறது என்றார். இடது கண் முழுக்கப் போய்விட்டது ஐவி. வலது கண்ணில் பனி மூடினாற்போல் தெரிகிறது. மெட்ராஸ் போய் எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில் காட்டு, இருக்கிறதையாவது காப்பாற்றலாம் என்று டாக்டர் அப்போதே சொன்னார். துரைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், வேலை போனால் இந்த வீடும் போய்விடும் என்று பிடிவாதம்.

நட்சத்திர எண்களைச் சேர்த்து எழுதிய நோட்டைச் சன்னலுக்கு எதிரே வைத்து மூக்கு உரசப் படித்து ஐரினுக்குச் சொல்வார். நீ அனுப்புவதைக் குழந்தை இரண்டாம் தரம் எழுதித் தரும். அதைத்தான், தன் கணக்கைப் பிள்ளை நகலெடுத்தாள் என்று சொல்லித் துரையிடம் கொடுக்கிறார். துரையின் பூட்ஸ் சத்தம் கேட்டால் சட்டென்று பேனாவைக் கையில் எடுத்துக் காகிதத்தின் மேல் குனிந்துகொள்வார். நானே பார்த்தேன். பார்த்துவிட்டு அடுக்களைக்குள் ஓடிவிட்டேன்.

நீ கேட்டால் கேட்பார். நான் எழுதினதாகச் சொல்லாதே.

மர்சலின்


சாந்தோம்
17 ஆகஸ்ட் 1947

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதை ஐரின் உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். அண்ணி படிக்கட்டும்.

யார் சொன்னார்கள் என்று வீட்டில் கேட்காதீர்கள். சிரியஸ் சொன்னது போதும்.

நேற்று முன்தினம் மாதா மோட்சத் திருநாள். பெரிய கோவிலில் காலைப் பூசை முடிந்து நேரே பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம். கச்சேரி ரோடு முழுக்கத் தோரணம். நஸ்ருன்னிசா அக்கா மிஷினில் இரண்டு நாளாகக் கொடியாகவே தைத்துக்கொண்டிருந்தார். தி.நகர் பனகல் பார்க் வரை விளக்கு போட்டிருக்கிறார்கள் என்று எல்லாரும் பார்க்கப் போனார்கள். நான் போகவில்லை. இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நான் இண்டர்மீடியட்டில் கணக்கில் முதலாவதாக வந்த அன்று அப்பா, "பொண்ணுக்கு டிரெயினிங் போதும், வாத்தியார் வேலை கௌரவம்தானே" என்றார். நீங்கள் ஆனர்ஸ் முடித்துவிட்டு அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பதினைந்து வருஷமாயிற்று. அதைப் பற்றி ஒரு நாளும் எழுதினதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். எனக்குப் படிக்க ஆசையாக இருந்தது அண்ணா.

இந்த ஆறு மாதம் முந்நூற்றுப் பன்னிரண்டு நட்சத்திரங்களோடு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. கடைசி நட்சத்திரத்தை முடித்த அன்று அழுகை வந்தது. உங்களுக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்துச் செய்யவில்லை. எனக்காகச் செய்தேன். ஆகவே எனக்குக் கடன்பட்டதாக நினைத்து வெட்கப்பட வேண்டாம்.

ஆனால் இது ஒளித்து வைத்த வேலையாக இருக்கக் கூடாது. துரையிடம் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு மெட்ராஸுக்கு வாருங்கள். வேலை போனால் இந்த வீடு இருக்கிறது. கண் போனால் என்ன இருக்கிறது?

காத்திருக்கும்,
ஐவி


குன்னூர்
28 செப்டம்பர் 1947

அன்புத் தங்கை ஐவிக்கு,

உன் சுகத்துக்கு வேண்டுகிறேன். நான் சொல்லச் சொல்ல மர்சலின் எழுதுகிறாள். எழுத்து கோணினால் அவள் பொறுப்பு, விஷயம் கோணினால் என் பொறுப்பு.

உன் மார்ச் மாதக் கடிதத்தை அன்று ஐரின் படித்துக் காட்டினாள். கட்டை விரலை நீட்டச் சொல்லி எழுதியிருந்தாய். அவள் தோட்டத்துக்கு ஓடியபின் நான் நீட்டினேன். இடது கண்ணை மூடினேன், விரல் மங்கலாக இருந்தது. வலது கண்ணை மூடினேன். விரலும் இல்லை, சன்னலும் இல்லை. அதைத்தான் உனக்குப் பதிலாக எழுத வேண்டியிருந்தது. கை வரவில்லை.

வேலை போகும், வீடு போகும் என்று மர்சலினிடம் சொன்னேன். அது நிஜம்தான், ஆனால் முழு நிஜம் இல்லை. அப்பா அன்றைக்கு என்னைப் படிக்க வைத்து உன்னை நிறுத்தினார். நான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. நீ மறந்துவிட்டாய் என்று நினைத்திருந்தேன். உன் பங்கையும் எடுத்துக்கொண்டு படித்தவன், ஒன்றை 0.371 ஆல் வகுக்க முடியாமல் உன் முன்னால் வந்து எப்படி நிற்பது?

மிக்கேல் சம்மனசு திருநாளுக்கு நோன்பிருந்து நேற்றுத் துரையிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பைப்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எத்தனை நட்சத்திரம் உன் தங்கை செய்தாள்?"

"எல்லாமே, ஐயா."

"பிழை எத்தனை?"

"அவள் கணக்கில் ஒன்றுமில்லை. நான் பார்த்துச் சொன்னதில் பதினொன்று. அதையும் அவளே பிடித்துவிட்டாள்."

பிறகு, "என்னிடம் ஏன் முன்பே சொல்லவில்லை? உன்னை ஜனவரியிலேயே மெட்ராஸுக்கு அனுப்பியிருப்பேனே" என்றார். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. கோபித்திருந்தால் எனக்குத் தேவலையாயிருக்கும். டிசம்பரோடு நிலையத்தையே மூடுகிறார், தொலைநோக்கியை ஒரு காலேஜுக்குக் கொடுக்கிறார். நான் காத்த வீடு எப்படியும் போகத்தான் போகிறது.

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி காலை சென்ட்ரலில் இறங்குகிறேன். தனியாகத்தான் வருகிறேன். கூட்டத்தில் நான் உன்னைக் கண்டுபிடிக்கமாட்டேன். நீதான் வந்து கையைப் பிடிக்க வேண்டும்.

வில்லியம்


சாந்தோம்
9 நவம்பர் 1947

அன்புள்ள மர்சலின் அண்ணிக்கு,

அண்ணன் சுகம். முதலில் அதை எழுதிவிட்டேன், மூச்சு விடுங்கள். நீங்களும் ஐரினும் நலம்தானே?

கண்ணாஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து, கட்டு அவிழ்த்து ஒன்பது நாளாகிறது. போனது போனதுதான், இருப்பது நிற்கும் என்றார் டாக்டர். வலது கண்ணில் வெளிச்சம், ஆள் உருவம், கடைப் பலகையில் பெரிய எழுத்து இவ்வளவும் தெரிகிறது. வாசலில் யாராவது வந்தால் புடவையின் நிறத்தைச் சொல்கிறார். அச்செழுத்து இனி இல்லை. அதை டாக்டர் சொன்னபோது அண்ணன், "சரிங்க" என்றார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு இரண்டு இட்லி கேட்டார். நான் அடுக்களையில் நின்று அழுதுவிட்டுத்தான் கொண்டுவந்தேன்.

சென்ட்ரலில் நான் போய்க் கையைப் பிடித்ததும், "ஐவி, உன் கை இவ்வளவு பெரிசா?" என்றார். எட்டு வயசுக் கையையே நினைத்துக்கொண்டிருந்தார் போலும்.

மவுண்ட் ரோடு அச்சகத்திலிருந்து புத்தகத்தின் புரூஃப் இங்கேயே வருகிறது. துரை என்னையே திருத்தச் சொல்லியிருக்கிறார். போன ஞாயிறு கூடத்தில் உட்கார்ந்து திருத்தினோம். நான் நகர்வை மட்டும் படிப்பேன். அச்சில் இருக்கிறதை நான் சொல்லுமுன் அண்ணன் ஒளி வருஷத்தைச் சொல்லிவிடுவார். "வேகா, 0.121" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, "எட்டே கால் பார்செக். இருபத்தாறு புள்ளி ஒன்பது நாலு" என்றார். அப்படியே அச்சில் இருந்தது. காகிதமே இல்லாமல் நாற்பது நட்சத்திரம். இரண்டு இடத்தில் அச்சகத்தார் செய்த தப்பை அவர் காதாலேயே பிடித்தார். நஸ்ருன்னிசா அக்கா ஊசியைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் நின்று, "யா அல்லா, ரெண்டு பேரும் இன்னா பாஷ பேசிக்கினு கீறீங்கோ?" என்றார். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். வந்ததிலிருந்து அன்றைக்குத்தான்.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். தெற்கே மின்னல் வெட்டியது. "தெரிஞ்சுது" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். விரல் விட்டு எண்ணினார். ஆறாவது விநாடியில் இடி. "ஒண்ணேகால் மைல். அடையாத்துக்கிட்ட விழுந்திருக்கு" என்றார். நனைந்துகொண்டே வீடு வந்தோம்.

உங்கள்,
ஐவி


சாந்தோம்
14 டிசம்பர் 1947

அன்புள்ள மர்சலின் அண்ணிக்கு,

ஆண்டவர் உங்களையும் ஐரினையும் சுகமாக வைத்திருப்பாராக. அண்ணன் புதன்கிழமை ரயிலேறுகிறார். கிறிஸ்மஸுக்கு உங்களோடு இருப்பார். சாமான்களைக் கட்டி ஜனவரிக் கடைசியில் மூவரும் இங்கே வந்துவிடுங்கள். கூடத்தை ஒட்டிய அறையை வெள்ளையடித்துவிட்டேன். பங்குப் பள்ளிக்கூடத்தில் ஜூன் முதல் பெரிய பையன்களுக்கு மனக்கணக்கு எடுக்க அண்ணனைக் கேட்டிருக்கிறார்கள். அதற்குக் கண் வேண்டாம், அவர் குரல் போதும்.

அவர் கிளம்புமுன் இதை எழுதக் காரணம் உண்டு. இதை அவருக்குப் படித்துக் காட்டாதீர்கள்.

முகப்புப் பக்கத்தின் புரூஃப் போன திங்களன்று வந்தது. 'தூரங்களைக் கணக்கிட்டவர் செல்வி ஐவி ராஜநாயகம்' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் இருந்தது. அண்ணன் பெயர் எங்கேயும் இல்லை. நன்றியுரையில் கூட இல்லை. கேட்டால் மழுப்பினார். துரைக்கு எழுதினேன். வில்லியம்தான் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னான், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை என்று பதில் வந்தது. அதன் கீழே, 'பட்டியல் உங்களுடையது, முகப்பையும் நீங்களே முடிவு செய்யுங்கள்' என்று எழுதியிருந்தார்.

என் பெயரை அச்சில் பார்த்ததும் எனக்கு மனசு குளிர்ந்து போயிற்று அண்ணி. பொய் சொல்லமாட்டேன். பத்துத் தரம் பார்த்தேன். விரலால் தடவிக்கூடப் பார்த்தேன். அதை எடுக்க எனக்கு மனமில்லை, எடுக்கவும் மாட்டேன். ஆனால் நான் வகுத்ததும் பெருக்கினதும் யார் சேர்த்துத் தந்த எண்களை? ஆறு வருஷம் அந்த மலையில் உட்கார்ந்து முந்நூற்றுப் பன்னிரண்டையும் ஒன்றொன்றாகப் பொறுக்கினவர் அவர். கடைசியில் சிலவற்றை ஒரே கண்ணால்.

டிராமேறி அச்சகத்துக்குப் போனேன். ஃபோர்மன் இனாயத் சாயபு கையை விரித்துவிட்டார். "இன்னாம்மா நீ, அச்சு ஏத்தி ரெடியா கீது. இப்ப வந்து ஒரு வரி சேக்கணும்ன்றியே."

"வரி இல்லை. ஒரு பேர்தான்."

"யாரு பேரு?"

"எங்க அண்ணன் பேரு."

என்னையும் புரூஃபையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே சைசு எய்த்துல வரணுமா, அண்ணன் பேரு பெர்சா வரணுமா?" என்றார்.

"ஒரே சைசு."

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவரே எழுத்துப் பெட்டிக்குப் போனார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தலைகீழாக எடுத்துக் கோத்தார்.

புத்தகம் ஜனவரி முதல் வாரம் உங்கள் விலாசத்துக்கு வரும். அண்ணனுக்கு எதுவும் தெரியாது. ஐரினிடம் கொடுக்காதீர்கள், அவள் நேரே சிரியஸுக்குத் தாவிவிடுவாள். அண்ணனை வெயில்படுகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். நீங்களே முதல் பக்கத்தைத் திறந்து, அவசரப்படாமல், அங்கே இருக்கிற இரண்டு பெயரையும் படித்துக் காட்டுங்கள். கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும். தணிந்ததும் இன்னொரு தரம் படியுங்கள்.

அன்புள்ள நாத்தி,
ஐவி